ஹூக்காவில் கற்ற பாடம்

பெங்களூரு அல்சூரில் ஒரு ராமகிருஷ்ண மடம் இருக்கிறது. சற்றுத் தள்ளி, மெட்ரோ நிலையம் ஒன்றுக்கு விவேகானந்தர் பெயர். 1892-இன் பிற்பகுதியில் அவர் பெங்களூருக்கு வந்தபோது, மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் அவரைத் தம் விருந்தினராக வைத்துக்கொண்டார். அப்போது அவர் பெயர் தெரியாத துறவி, வயது 29.

அதற்குள் அவர் நாட்டின் பெரும்பகுதியைச் சுற்றியிருந்தார். புத்தகங்கள் காட்டாத முகங்களை அந்தப் பயணம் காட்டியது, அவருடைய முகம் உட்பட.

பிருந்தாவனம் போகும் வழியில் ஒருவர் ஹூக்கா புகைத்துக்கொண்டிருந்தார். விவேகானந்தர் ஓர் இழுப்பு கேட்டார். "நான் துப்புரவுத் தொழிலாளி" என்று அந்த மனிதர் தயங்கியதும், விவேகானந்தர் பேசாமல் நடந்தார். கொஞ்ச தூரம் போனபின் உறைத்தது: எல்லா உயிரும் ஒன்று என்று சொல்லித் துறவு பூண்டவனுக்குள் சாதி இன்னும் உட்கார்ந்திருக்கிறது! திரும்பி வந்து, அவரை வற்புறுத்தி அதே ஹூக்காவை வாங்கிப் புகைத்தார்.

கேத்ரி அரசரின் அவையில் ஒரு நடனப்பெண் பாடவந்தபோது எழுந்துபோனார். அவள் பாடிய சூர்தாசர் பாடல் காதில் விழுந்ததும் வெட்கி, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

1892 டிசம்பரில் கன்னியாகுமரியை அடைந்தார். வயிறு காய்ந்தவனிடம் தத்துவம் பேசிப் பயனில்லை, முதலில் கல்வியும் சோறும் என்ற முடிவுக்கு அங்கேதான் வந்ததாக 1894-இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

சென்னையில் பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்ட, 1893 மே 31 அன்று விவேகானந்தர் அமெரிக்கா செல்லப் பம்பாயில் கப்பலேறினார்.