அந்தமானிலிருந்து ஆர்டர் வந்தால்…



நம் குழுக்களில் பலர் இப்போது முந்திரிப் பருப்பு, முறுக்கு, சத்துமாவு எல்லாம் வாட்ஸ்அப்பிலும் ஆன்லைனிலும் விற்கிறார்கள். நெய்வேலியில் இருந்துவிட்டு மாற்றலாகிப் போனவர்கள், அவர்களின் உறவினர்கள் என்று எங்கிருந்தெல்லாமோ கேட்கிறார்கள். அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. என்.எல்.சி. நிறுவனமே அங்கு 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருக்கிறது. ஆர்டர் வருவது சந்தோஷம்தான். ஆனால் ஜிபேயில் பணம் வந்த பிறகு, "அனுப்ப இவ்வளவு ஆகுமா!" என்று தபால் ஆபீசில் நின்று திகைத்தால் என்ன பயன்?

அதனால் விலை சொல்வதற்கு முன்பே பின்கோடு கேளுங்கள். அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. 744-ல் ஆரம்பித்தால் அந்தமான் நிக்கோபார். முதல் இரண்டு எண் 74 என்பதால் பட்டியலில் மேற்கு வங்கம் மாதிரி தெரியும். லட்சத்தீவு 682551 முதல் 682559 வரை. கொச்சியும் 682-தானே, கேரளாவுக்குத்தானே அனுப்புகிறோம் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் கொச்சிக்கு அப்புறம் கடல் தாண்ட வேண்டும். 194 என்றால் லடாக். பனிக்காலத்தில் மலைப்பாதை மூடிவிட்டால் அங்கே விமானம் மட்டும்தான்.

போர்ட் பிளேயர் என்று நாம் சொல்லும் ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். முகவரியில் எந்தப் பெயர் இருந்தாலும் பின்கோடு சரியாக இருக்கட்டும். தீவுகளில் பல வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. பக்கத்தில் இருக்கும் கடை, பள்ளிக்கூடம், கூடவே இரண்டு போன் நம்பர் வாங்கி பார்சல் மேலேயே எழுதிவிடுங்கள்.

பின்கோடு கிடைத்ததும் அஞ்சல் துறை இணையதளத்தில் நம் பின்கோடு, அவர்கள் பின்கோடு, எடை மூன்றையும் போட்டால் கட்டணம் தெரியும். வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். தனியார் கூரியர்கள் சில ஊர்களுக்குப் போவதே இல்லை. அஞ்சல் துறைக்கு நாடு முழுவதும் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் அலுவலகங்கள் இருப்பதால், எட்டாத ஊருக்கு அதுதான் கைகொடுக்கும்.

எடை விஷயத்தில் கவனம் வேண்டும். தராசில் காட்டும் எடை மட்டும் கணக்கில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துப் பல கூரியர்கள் ஓர் எடை போடுவார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். 2 கிலோ முறுக்கை 40, 30, 25 அளவுள்ள பெட்டியில் வைத்தால் 30,000 வகுத்தல் 5000, அதாவது 6 கிலோவுக்குக் கட்ட வேண்டும்! அதையே 30, 20, 20 பெட்டியில் அடக்கினால் 2.4 கிலோதான். கடையில் சும்மா கிடைக்குதே என்று பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து வந்தால் நம் கூலி அதிலேயே போய்விடும்.

எல்லாப் பொருளையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கற்பூரம், தீப்பெட்டி, ஸ்பிரே சென்ட் கூடாது. கொப்பரைத் தேங்காயும் கூடாது. அது சூடேறித் தானாகத் தீப்பிடிக்கக் கூடியது. பூஜைப் பொருள் செட் விற்கும் குழுக்கள் இதை அவசியம் கவனியுங்கள். எண்ணெய் ஊறுகாய் பாட்டில் வழியில் ஒழுகினால் மற்றவர்கள் பார்சலும் கெடும். கப்பலில் போகிற சாமானுக்கு நாள் கூடும், ஈரக்காற்றும் படும். சென்னையிலிருந்து அந்தமான் போகவே கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள். மழைக்காலத்தில் லட்சத்தீவுக் கப்பல்களும் குறையும். முறுக்கு நமத்துப்போகாமல் இருக்க ஹீட் சீல் செய்த கெட்டி கவரில் போட்டு, அதன் மேல் இன்னொரு கவர் போடுங்கள். "பத்து நாளில் வரும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தாமதமாகலாம் என்று முதலிலேயே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் விட்டால்தான் சண்டை.

தூரத்து ஊர்களுக்கு, பொருள் வந்ததும் பணம் என்கிற முறை வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒரு பார்சலில் நமக்கு நிற்பது 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்காமல் திருப்பிவிட்டால் போக வரச் செலவு 400 ரூபாய். ஐந்து பார்சல் லாபம் அப்படியே போச்சு. குழுக் கடன் தவணையை யார் கட்டுவது? சொந்தக்காரர் சொன்ன ஆள் என்றாலும் பொருள் பணம், அனுப்பும் பணம் இரண்டையும் முன்னாடியே வாங்கிவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். முந்திரி, முறுக்கு போன்ற வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கோ யூனியன் பிரதேசத்துக்கோ விற்றால், தொகை சிறியதானாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கும் இதே விதிதான். உணவுப் பொருள் என்றால் லேபிளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இருக்க வேண்டும். பதிவு இல்லாத குழுக்கள் ஆர்டரை ஒத்துக்கொள்வதற்கு முன் கூட்டமைப்பு அலுவலகத்தில் பேசுங்கள்.

அனுப்பிய பிறகு ரசீதைத் தொலைக்காதீர்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதில் 13 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு இருக்கும், முடிவில் ஐ.என். என்று வரும். அதை வாங்குபவருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டால், "எங்கே போச்சு" என்று அவர் நம்மைக் கேட்க மாட்டார், அவரே பார்த்துக்கொள்வார். விலை உயர்ந்த பார்சலை இன்சூர் செய்யலாம். ஒரே இடத்தில் பல நாள் நின்றுவிட்டால் 1800 266 6868 என்ற இலவச எண்ணில் அந்தக் குறியீட்டைச் சொல்லிப் புகார் பதியலாம். ரசீதை ரொக்கப் புத்தகத்தில் அந்தத் தேதிப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள், தணிக்கைக்கும் உதவும்.