தலைக்கு மேல் மின்சாரம்: டிராம் காலம் முதல் இன்று வரை

சாலை என்றவுடன் நம் கண்கள் தரையையே நோக்குகின்றன. மேடு பள்ளம், கல், முள், தேங்கிய நீர் ஆகியவற்றைக் கண்டு ஒதுங்கி நடக்கிறோம். ஆயின், நகரத்துச் சாலைக்குத் தரை ஒன்று இருப்பதுபோலக் கூரை ஒன்றும் உண்டு. அக்கூரை மின்கம்பிகளால் ஆனது. அதன் கீழே நாள்தோறும் பாரம் ஏற்றிய லாரிகள் செல்கின்றன. பாரத்தின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையே உள்ள வெற்றிடமே பல உயிர்களின் காப்பாக அமைந்துள்ளது. அவ்வெற்றிடம் எவ்வாறு அளக்கப்பட்டது, எவ்வாறு குறைகிறது, அதனை எவ்வாறு காக்கலாம் என்பனவற்றைச் சென்னை நகரத்தின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிராம் கம்பி கற்பித்த பாடம்

இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதலில் ஓடிய நகரம் சென்னை. 1895-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் அது தொடங்கப்பெற்றது. குதிரையோ நீராவியோ இழுக்காமல் தானே ஊர்ந்து சென்ற அவ்வண்டியை மக்கள் வியந்து பார்த்திருப்பர். தொடக்கத்தில் அதற்குத் தலைக்கு மேல் கம்பி இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தண்டவாளங்களுக்கு நடுவே, தரைக்கு அடியில் அமைந்த கால்வாய் போன்ற ஒரு பள்ளத்தில் மின்கடத்தி வைக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு அழகான ஏற்பாடுதான். ஆனால் சென்னையின் பருவமழை அதனை விட்டுவைக்கவில்லை. பள்ளத்தில் வெள்ளம் புகுந்து மின்னோட்டத்தைக் கெடுத்தது. எனவே கம்பியைத் தலைக்கு மேல் உயர்த்துவது இன்றியமையாததாயிற்று.

வண்டியின் கூரைமேல் நிமிர்ந்து நின்ற ஒரு கோல் கம்பியைத் தொட்டு மின்சாரத்தைப் பெறும். அம்மின்சாரம் சக்கரத்தின் வழியே தண்டவாளத்தை அடைந்து திரும்பும். டிராம் கம்பிகளில் பொதுவாக 500 முதல் 750 வோல்ட் வரையிலான மின்னழுத்தமே உலகெங்கும் பயன்படுத்தப்பட்டது. மயிலாப்பூர் வரை மக்களைச் சுமந்து சென்ற டிராம், 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாளுடன் சென்னையில் ஓய்வு பெற்றது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மின்சாரத்தை மண்ணுக்குள் வைத்தால் நீர் பகையாகிறது. விண்ணில் வைத்தால் உயரம் பகையாகிறது. எங்கு வைத்தாலும் அளவறிந்து காப்பதுதான் பாதுகாப்பு. இன்று சென்னையின் நடுப்பகுதியில் பல தெருக்களில் மின்வடங்கள் நிலத்தடியில் செல்கின்றன. ஆயினும் மழைக்காலத்தில் தெருவோர மின்பெட்டிகளை நாம் அஞ்சிக் கடக்க வேண்டியிருக்கிறது. 1895-இல் கண்ட இடர் வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது எனலாம்.

டிராமுக்குப் பின் ரயில்

டிராம் மறைந்தாலும் கம்பி மறையவில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. முதலில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கிய அத்தடம், 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. டிராம் கம்பியைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு அழுத்தம்! இவ்வளவு உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரம், தொட்டால்தான் தாக்கும் என்பதில்லை. மிக நெருங்கினாலே காற்றின் வழியே தாவக்கூடியது. ஆகவேதான் மின்னோட்டமுள்ள ரயில் கம்பிக்கு 2 மீட்டர் தொலைவுக்குள் எவரும் செல்லலாகாது என்று ரயில்வே விதித்துள்ளது.

சாலையும் ரயில் தடமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் கடவுப்பாதையில் என்ன செய்வது? தடத்தின் இருபுறமும் சாலையின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்று நிறுத்தப்படுகிறது. தரையிலிருந்து அதன் இடைவெளி 4.67 மீட்டர். அங்குக் கம்பியின் உயரம் 5.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. அளவுக்கு மீறிய பாரம் கம்பியை எட்டுவதற்கு முன்பே சட்டத்தில் முட்டி நின்றுவிடும். உயிரற்ற இரும்பில் முதலில் மோதட்டும், உயிர்குடிக்கும் கம்பியில் மோத வேண்டா என்பதே அதன் தத்துவம்.

இதனினும் சிறந்த வழி, இரண்டு பாதைகளையும் சந்திக்கவே விடாமல் பிரிப்பது. தியாகராய நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதை தண்டவாளத்தின் அடியில் செல்கிறது. 1997-இல் மயிலாப்பூரை எட்டிய பறக்கும் ரயில், தன் கம்பியையும் தன்னோடு தூக்கிக்கொண்டு தெருக்களுக்கு மேலே செல்கிறது. இவ்விடங்களில் லாரிக்கும் ரயில் கம்பிக்கும் இடையே உறவே இல்லை. ஆனால் சுரங்கப்பாதையில் உயரக் கட்டுப்பாடு என்னும் வேறொரு சிக்கல் வந்து சேர்கிறது. அங்கும் ஓட்டுநர் தம் வண்டியின் உயரத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

அளவுகள் சொல்லும் கணக்கு

தெருவில் செல்லும் மின்வாரியக் கம்பிகளுக்கும் அளவு உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளின்படி, தெருவின் குறுக்கே செல்லும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டருக்கும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டருக்கும் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். 2010-இல் வந்த விதிமுறைகளும் இவ்வளவுகளைப் போற்றின. வாகனத்தின் பக்கம் நோக்கினால், 1989-ஆம் ஆண்டின் மைய மோட்டார் வாகன விதிகள் பொதுவாக 3.8 மீட்டர் உயரத்தை வரம்பாகக் கொண்டன. பின்னாளில் சில வகை வண்டிகளுக்கு இவ்வரம்பு உயர்த்தப்பட்டது.

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். 3.8 மீட்டர் உயரப் பாரத்துக்கும் 5.8 மீட்டர் உயரக் கம்பிக்கும் இடையே 2 மீட்டர் உள்ளது. போதுமான இடைவெளி போலத் தோன்றுகிறது. ஆனால் பாரத்தின்மேல் ஓர் ஆள் எழுந்து நின்று கையை உயர்த்தினால் அந்த 2 மீட்டரும் தீர்ந்துவிடும். ரயில் கடவுப்பாதையில் நிலைமை இன்னும் கொடியது. 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் அப்பாரத்தின்மேல் நின்றால் அவர் தலை 5.4 மீட்டரை எட்டும். கம்பிக்கும் தலைக்கும் இடையே எஞ்சுவது 10 சென்டிமீட்டரே. இரும்புச் சட்டம் பாரத்தைத் தடுக்கும். சட்டத்துக்குக் குனிந்து, அதனைக் கடந்தவுடன் நிமிரும் மனிதனைத் தடுக்காது. வண்டி விதிக்கு உட்பட்டதாயினும் அதன்மேல் இருக்கும் மனிதன் விதிக்குள் அடங்குவதில்லை என்பது இக்கணக்கால் நன்கு புலனாகும்.

விதி இருந்தும் விபத்து ஏன்?

காரணங்கள் பல. முதலாவது, கம்பியின் தொய்வு. வெப்பத்தில் உலோகம் நீளும். கோடை நண்பகலில் கம்பி தாழும். ரயில் கம்பிகளை எதிர்எடைகள் தொங்கவிட்டு எப்போதும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். தெருக்கம்பிகளுக்கு இவ்வசதி இல்லை.

இரண்டாவது, சாலையே உயர்வது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தார் அடுக்கைப் போடும் வழக்கத்தால், மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளின் பழைய வீடுகள் பல தெருவைவிடத் தாழ்ந்துபோயின. வீட்டுக்குள் மழைநீர் புகுவதைப் பற்றி நாம் பேசுகிறோம். ஒவ்வோர் அடுக்கும் தலைக்கு மேலுள்ள இடைவெளியையும் விழுங்குகிறது என்பதை எண்ணுவதில்லை. பழைய அடுக்கைச் சுரண்டிய பின்னரே புதியது போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு ஆணையிட்டது. அவ்வாணை வீடுகளை மட்டுமன்றிக் கம்பியின் உயரத்தையும் காப்பதாகும்.

மூன்றாவது, வண்டியின் உயரம் நிலையாக இராமை. மண் கொட்டும் டிப்பர் லாரி தன் தொட்டியைத் தூக்கும்போதும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி தன் கோபுரத்தை நிமிர்த்தும்போதும், கிரேன் தன் கையை நீட்டும்போதும் உயரம் பன்மடங்காகிறது. அடையாறு போன்ற பகுதிகளில் பழைய வீடுகள் அடுக்குமாடிகளாக மாறிவரும் இந்நாளில், குறுகிய தெருக்களுக்குள் இவ்வண்டிகள் நுழைவது அன்றாடக் காட்சியாயிற்று. வேலை முடிந்ததும் தொட்டியை இறக்காமலே வண்டியை நகர்த்துவது பெருங்கேடு.

நான்காவது, கணக்கில் வராத கம்பிகள். தொலைக்காட்சி, இணைய இணைப்புகளுக்காகக் கம்பத்துக்குக் கம்பம் கட்டிய வடங்கள் பல தெருக்களில் தாழத் தொங்குகின்றன. அவற்றில் மின்தாக்கு அபாயம் குறைவுதான். ஆனால் லாரியில் சிக்கிய வடம் கம்பத்தையே சாய்த்துவிட்டால், மின்கம்பியும் உடன் விழும்.

இவ்விடத்தில்தான் மிகக் கொடிய வழக்கம் ஒன்று தலைகாட்டுகிறது. தாழ்ந்த கம்பியைக் கண்டதும் கிளீனரைப் பாரத்தின்மேல் ஏற்றி, ஒரு கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வது. பெரும்பாலும் அக்கிளீனர் குறைந்த கூலிக்கு வந்த இளைஞராக இருப்பார். தொடுவது வெறும் வடமா, மின்கம்பியா என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மூங்கில் மின்சாரத்தைக் கடத்தாது என்னும் நம்பிக்கை, ஈரம் பட்ட மூங்கிலில் உயிரைப் பறிக்கும். சரக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்துக்கு ஓர் உயிரை விலையாக வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

தேரும் சந்தனக்கூடும்

உயரமான ஊர்திகளை வீதியில் செலுத்துவது நம் நாட்டுக்குப் புதிதன்று. தேர் உலா வரும் வீதிகளிலும் சந்தனக்கூடு செல்லும் பாதைகளிலும் மின்வாரியத்தார் முன்கூட்டியே வந்து மின்சாரத்தை நிறுத்துவதும் கம்பிகளை விலக்குவதும் வழக்கம். ஊர்ப் பெரியவர்கள் பாதையை நடந்து பார்த்து உறுதி செய்வர். அவ்வொழுங்கு தவறும்போது நேர்வதை, 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் தஞ்சையை அடுத்த களிமேட்டில் கண்டோம். தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் உரசியதில் சிறார் உட்படப் பதினொருவர் மாண்டனர். விழாவுக்குப் பாதை பார்க்கும் நாம், வீட்டுக்கு மணல் கொண்டுவரும் லாரிக்கும் பாதை பார்த்தால் என்ன?

பிற நாடுகளின் பட்டறிவு

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மாண்டேகு தெருப் பாலம் என ஒன்று உண்டு. அதன் மேலே டிராம் செல்கிறது, அடியில் சாலை. இடைவெளி 3 மீட்டரே. எச்சரிக்கைப் பலகைகள் பல இருந்தும் லாரிகள் மோதிக்கொண்டே இருந்தமையால் அப்பாலம் ஊரறிந்த பெயராயிற்று. பின்னர்ப் பாலத்துக்கு முன்னதாகவே உயரத்தைக் காட்டும் வளைவுச் சட்டங்களை அமைத்தனர். சிட்னித் துறைமுகச் சுரங்கத்தில், உயரமான வண்டியைக் கருவி கண்டுணர்ந்தவுடன் வாயிலில் நீர்த்திரை ஒன்று பொழிந்து, அதன்மேல் 'நில்' என்னும் எழுத்துகள் ஒளிரும். பலகையை மட்டும் நம்பலாகாது; முட்டுமுன் உணர்த்தும் ஏற்பாடு வேண்டும் என்பதே இவற்றின் சாரம். நம் கடவுப்பாதைச் சட்டமும் அவ்வகையதே.

மொழியின் கடமை

தமிழ் பயில்வோர்க்கும் இதில் பங்கு உண்டு. மின்சார ஆபத்துப் பலகையில் மண்டையோட்டுப் படத்துடன், இந்தி அல்லது ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எழுத வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் விதியே கூறியது. எழுத்தறியாதவர்க்குப் படம், எழுத்தறிந்தவர்க்குத் தாய்மொழி. ஆயினும், நம் பலகைகள் சிலவற்றின் வாசகம் அலுவலகக் கோப்பிலிருந்து இறங்கி வந்ததுபோல் நீண்டிருக்கிறது. ஓடும் வண்டியிலிருந்து படிப்பவருக்கு இரண்டு நொடிகளே உண்டு. 'மேலே மின்கம்பி, உயரம் 4.67 மீட்டர், பாரத்தின்மேல் ஆள் கூடாது' என்றால் போதும். சென்னைக்கு வரும் ஓட்டுநர்களில் பிற மாநிலத்தார் பலர். எண்ணும் படமும் அவர்களுக்கும் விளங்கும். சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல் இங்கே உயிர் காக்கும் கலையாகிறது.

கம்பி பட்டுவிட்டால்

லாரியில் மின்கம்பி பட்டுவிட்டால் ஓட்டுநர் உள்ளேயே அசையாது அமர்ந்திருத்தல் வேண்டும். வண்டி முழுதும் மின்சாரம் பரவியிருக்கும். ஒரு கால் தரையிலும் ஒரு கை வண்டியிலுமாக இறங்குவோரின் உடல் வழியே அது மண்ணை அடையும். டயர் ரப்பர் காக்கும் என்று நம்புதல் தவறு. தீப்பற்றி இறங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், வண்டியைத் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமலே சிறு சிறு தாவலாக விலக வேண்டும். ஏனெனில் தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும். அகல அடி வைத்தால் இரு பாதங்களுக்கிடையே அழுத்த வேறுபாடு தோன்றும். சுற்றி நிற்போர் 10 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அவசர உதவிக்கு 112. மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று மின்வாரியத்தார் உறுதி கூறும் வரை, உறவினரே சிக்கியிருப்பினும் எவரும் தொடலாகாது. காக்கச் சென்றவரும் மடிவதே இவ்விபத்துகளின் பெருந்துயரம்.

நிறைவாக

வருமுன் காத்தலை அறமாக வள்ளுவர் வகுத்தார். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிமொழி எண்ணுகிறது. காலடியில் கிடக்கும் முள்ளை அகற்றுவது எளிது. தலைக்கு மேல் தாழ்ந்த கம்பியை அகற்றுவது நம் கையால் ஆகாதது. ஆனால் அதனைக் கண்டு உரியவரிடம் தெரிவிப்பது நம்மால் ஆகும். மாணவச் செல்வங்கள் தம் தெருவில் தாழ்ந்த கம்பியைக் கண்டால் மின்னகத்துக்குத் தெரிவிக்கட்டும். வீடு கட்டும் பெரியோர் மணல் இறக்கும் இடத்தின் மேற்புறத்தை ஒருமுறை அண்ணாந்து நோக்கட்டும். சரக்கு அனுப்பும் வணிகப் பெருமக்கள், பாரத்தின்மேல் ஆளை ஏற்றாதீர் என்று ஓட்டுநரிடம் ஒரு சொல் சொல்லட்டும். அந்த ஒரு சொல்லால், எங்கோ ஓர் ஊரில் மகனை எதிர்பார்த்திருக்கும் ஒரு தாயின் வாசலுக்கு அவன் நலமுடன் வந்து சேர்வான்.