பழைய வட்டு பேசும் மொழி

ஓய்வு கொடுக்கப்பட்ட சர்வர்களிலிருந்து கழற்றி, செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும் ஸ்கஸி ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்ததும் உறைப்பது அதன் கனம். உள்ளிருக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 10,000 முறை சுழலக்கூடியவை. 2000-இல் வந்த சீகேட் நிறுவனத்தின் சீட்டா எக்ஸ்15 வகை 15,000 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 4 மில்லி விநாடிதான். கொள்ளளவோ பெரும்பாலும் 9, 18, 36 ஜிபி. இன்றைய சாதாரண மெமரி கார்டு அதைவிட அதிகம் கொள்ளும். பயனுக்காக யாரும் இதை வீட்டுக் கணினியில் பொருத்த வேண்டியதில்லை. ஆனால் பொருத்த முனைந்தால், நவீனக் கணினிகள் பெட்டிக்குள் மறைத்துவிட்ட பல வேலைகளை நம் கையாலேயே செய்ய வேண்டிவரும். அங்கேதான் சுவாரசியம் தொடங்குகிறது.

1980-களின் தொடக்கத்தில் சிறு கணினிகளின் வட்டுகள் வெறும் இயந்திரங்களாக இருந்தன. எந்தத் தடத்துக்குப் போக வேண்டும், எந்தத் தலையால் படிக்க வேண்டும் என்பதையெல்லாம் கணினிப் பக்கமே கணக்கிட்டு, வட்டின் தலையைப் படிப்படியாக நகர்த்தியது. வட்டை மாற்றினால் கணக்கும் மாறியது. அமெரிக்காவின் ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் லாரி பௌச்சர் தலைமையில் உருவான ‘சாஸி’ என்ற இணைப்பு முறை இதை மாற்றியது. கணினி, தரவுத் தொகுதியின் எண்ணை மட்டும் சொன்னால் போதும். அது எங்கே இருக்கிறது என்று தேடுவது வட்டின் பக்கத்து மின்சுற்றின் பொறுப்பு. இதையே விரிவுபடுத்தி 1986-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு ‘ஸ்மால் கம்ப்யூட்டர் சிஸ்டம் இன்டர்ஃபேஸ்’ என்ற பெயரில் தரமாக்கியது. சுருக்கமாக ஸ்கஸி. அதே ஆண்டு ஆப்பிளின் மெக்கின்டாஷ் பிளஸ் கணினியிலும் அது இடம்பிடித்தது.

வீட்டுக் கணினிகளின் மதர்போர்டில் பொதுவாக ஸ்கஸி சாக்கெட் இருக்காது. பிசிஐ இடத்தில் ஒரு கன்ட்ரோலர் கார்டைச் செருக வேண்டும். அதிலிருந்து புறப்படும் ஒரே பட்டைக் கேபிளில் எல்லா வட்டுகளும் வரிசையாகத் தொங்கும். எட்டுக் கம்பித் தரவுப் பாதையில் கார்டையும் சேர்த்து 8 கருவிகள், பதினாறு கம்பிப் பாதையில் 16 கருவிகள் இணையலாம். ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். வட்டின் விளிம்பில் உள்ள பின்களில் சின்னஞ்சிறு ஜம்பர்களை மாட்டி அந்த எண்ணைக் குறிக்கிறோம். இரண்டு வட்டுக்கு ஒரே எண் வைத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டையும் கணினி சரியாகக் காணாது.

அந்த எண் வெறும் முகவரி இல்லை, முன்னுரிமையும் அதுதான். ஒரே கேபிளைப் பலர் பகிரும்போது யார் முதலில் பேசுவது? தீர்ப்புச் சொல்ல நடுவர் யாரும் கிடையாது. பேச விரும்பும் ஒவ்வொரு கருவியும் தன் எண்ணுக்குரிய தரவுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மற்றக் கம்பிகளைப் பார்க்கும். தன்னைவிட மேலான எண் பிடிபட்டிருந்தால் தானே விலகிவிடும். சில மைக்ரோ விநாடிகளில் முடிவு தெரிந்துவிடும். எண் 7-க்கே உச்ச முன்னுரிமை என்பதால் கன்ட்ரோலர் கார்டு வழக்கமாக அதை எடுத்துக்கொள்கிறது. பின்னால் பதினாறு கம்பிப் பாதை வந்தபோதும் இந்த வரிசையைக் குலைக்கவில்லை: 7 முதல் 0 வரை முதலில், அதன் பிறகே 15 முதல் 8 வரை. பழைய கருவிகளின் இடம் பறிபோகவில்லை.

வென்றவர் பாதையை விடாமல் வைத்திருப்பதும் இல்லை. தலை நகர்ந்து, தட்டு சுழன்று, உரிய இடம் வந்துசேரச் சில மில்லி விநாடிகள் ஆகும். மின்சுற்றின் கணக்கில் அது நெடுங்காலம். எனவே வட்டு கட்டளையை வாங்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். தரவு தயாரானதும் தானே மறுபடி போட்டியிட்டுப் பாதையைப் பிடிக்கும். அந்த இடைவெளியில் மற்ற வட்டுகள் பேசிக்கொள்ளலாம்.

அடுத்து கேபிளின் முனை. ஸ்கஸி என்றாலே பழைய கைகள் முதலில் கேட்கும் கேள்வி, “டெர்மினேட்டர் போட்டாச்சா?” குளத்து அலை படிக்கட்டில் மோதித் திரும்புவதுபோல, கம்பியில் ஓடும் மின்துடிப்பும் திறந்த முனையில் மோதித் திரும்பும். கேபிளில் துடிப்பு ஒரு நானோ விநாடிக்கு ஏறத்தாழ 20 செ.மீ. ஓடுகிறது. அல்ட்ரா160 என்ற வகை விநாடிக்கு 8 கோடி முறை தரவை மாற்றுகிறது. ஒரு முறைக்குக் கிடைப்பது 12.5 நானோ விநாடி. அதற்குள் துடிப்பு இரண்டரை மீட்டர்தான் போயிருக்கும். கேபிளோ ஒன்றிரண்டு மீட்டர் நீளம். முனையில் மோதித் திரும்பும் பழைய துடிப்பு, வந்துகொண்டிருக்கும் புதிய துடிப்பின் மேல் விழுந்து ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் குழப்பும். டெர்மினேட்டர், கம்பியின் இயல்புக்குப் பொருந்தும் மின்தடையை முனையில் வைத்து அலையை விழுங்கிவிடுகிறது. கேபிளின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று வேண்டும், நடுவில் கூடாது.

மின் இடையூறைச் சமாளிக்க இன்னொரு உத்தியும் வந்தது. எல்.வி.டி. எனப்படும் முறையில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு கம்பிகள். ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும். வெளியிலிருந்து வரும் இடையூறு இரண்டையும் ஒரே அளவில் தாக்குவதால், பெறுபவர் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இடையூறு கழிந்துவிடும். இந்த வரிசையில் ஒற்றைக் கம்பி முறையிலான ஒரேயொரு பழைய வட்டைச் சேர்த்தாலும், மொத்தப் பாதையும் அதன் முறைக்கு இறங்கிவிடும். விநாடிக்கு 160 எம்பி ஓட வேண்டியது 40-க்கு மேல் ஏறாது. வேறொரு வகையை எச்சரிக்கையோடு அணுக வேண்டும்: எச்.வி.டி. என்ற உயர் மின்னழுத்த வகையின் சாக்கெட் பார்வைக்கு மற்றதைப் போலவே இருக்கும். மற்றவற்றோடு கலந்து இணைத்தால் மின்சுற்றே கருகலாம். வாங்கும் முன் லேபிளைப் படிப்பது அவசியம்.

சர்வர் வட்டுகள் பலவற்றில் 80 பின் சாக்கெட் ஒன்றே மின்சாரம், எண், தரவு மூன்றையும் சுமக்கும். ஓடும் சர்வரிலிருந்தே உருவி மாற்றுவதற்கான வசதி அது. வீட்டில் 68 பின் கேபிளோடு சேர்க்க அடாப்டர் தேவை. நாலைந்து வட்டுகள் ஒரே நொடியில் சுழலத் தொடங்கினால் சாதாரண பவர் சப்ளை திணறும். அதற்காகவே, தத்தம் எண்ணுக்கு ஏற்பக் காத்திருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும்படி ஜம்பரால் அமைக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் கணினி வட்டை ஏற்க மறுக்கலாம். பெரிய சேமிப்பு அமைப்புகள் பலவற்றில் ஒவ்வொரு தொகுதியும், அதாவது செக்டரும், 512-க்குப் பதில் 520 பைட். தரவு பழுதானதா என்று சோதிக்கும் எண்களுக்காகக் கூடுதல் எட்டு. வீட்டு இயங்குதளத்துக்கு அது புரியாது. லினக்ஸில் உள்ள எஸ்.ஜி. ஃபார்மேட் என்ற நிரல், வட்டையே 512-க்கு மாற்றி எழுதச் சொல்லும். இதற்கு நேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வட்டின் உடல்நிலையையும் அதனிடமே கேட்கலாம். தொழிற்சாலையிலேயே கண்ட குறைகளை ஒரு பட்டியலிலும், உழைக்கும்போது சேர்ந்த குறைகளை மற்றொன்றிலும் அது எழுதி வைத்திருக்கும். இரண்டாவது பட்டியல் வளர்ந்துகொண்டே போனால் அந்த வட்டை நம்ப வேண்டாம்.

இந்தக் கேள்வி பதிலெல்லாம் சில பைட்டுகளில் நடக்கிறது. பதினாறடிமான எண்முறையில் 12 என்று அனுப்பினால் “நீ யார்?” என்று பொருள். எட்டெழுத்தில் தயாரிப்பாளர் பெயர், பதினாறு எழுத்தில் வட்டின் பெயர், நாலெழுத்தில் பதிப்பு என்று விடை வரும். 28 என்றால் “இந்தத் தொகுதியிலிருந்து இத்தனை படி”. 1990-களில் தரத்தைத் திருத்தியவர்கள், கட்டளைகளை ஓர் ஆவணத்திலும் கம்பிகளை வேறோர் ஆவணத்திலும் பிரித்து வைத்தார்கள். பட்டைக் கேபிள் வழக்கொழிந்த பிறகும் கட்டளைகள் நிலைத்ததற்கு அந்தப் பிரிவினை பெரிய காரணம்.

பென் டிரைவைச் செருகும்போது யு.எஸ்.பி. வழியாகக் கணினி அனுப்புவது அதே 12-ஐத்தான். சாட்டா வட்டையும் லினக்ஸ் ‘எஸ்.டி.ஏ’ என்று அழைக்கிறது, எஸ்.டி. என்பது ஸ்கஸி டிஸ்க். இன்று பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் யு.எஃப்.எஸ். சேமிப்புச் சில்லும் ஸ்கஸி கட்டளைகளையே புரிந்துகொள்கிறது. என்.வி.எம்.இ. வகைச் சேமிப்போ இந்த மரபைவிட்டுத் தனி மொழி அமைத்துக்கொண்டது. சுழலும் தட்டும் நகரும் தலையும் இல்லாத சில்லுக்கு, அவை இருந்த காலத்து மொழி எப்படிப் பொருந்துகிறது? அந்த மொழி தொடக்கத்திலேயே தட்டையும் தலையையும் பேசாமல் விட்டது. தொகுதி எண்ணை மட்டும் கேட்டது. எப்படித் தேடுவது என்பதைக் கருவியிடமே விட்டுவிட்ட அந்த ஒரு முடிவுதான், அதற்கு நாற்பதாண்டு ஆயுளைக் கொடுத்தது.