ஊர்ப் பணமும் உண்மைச் சிக்கனமும்

வரவையும் செலவையும் சீர்தூக்கிப் பார்க்கும் அறிவைத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தினுள்ளேயே வைத்துப் பேசியிருக்கிறார். பகைவரின் ஆற்றலை எடைபோடச் சொன்னவர், அவ்விடத்திலேயே கைப்பொருளின் அளவையும் எண்ணச் சொன்னார். தன் பொருளின் எல்லையை அறியாதவன் தன் வலிமையின் எல்லையையும் அறியான் என்பது அவர் கருத்தாதல் வேண்டும். இது முடிமன்னர்க்கு மட்டும் உரிய அறிவுரையன்று. நம் பிரதேச சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் அதுவே வழிகாட்டி.

ஊர்ச் சபையின் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டுக்கும் கடைக்கும் நாம் இறுக்கும் சோலைவரி, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், முத்திரைத் தீர்வையிலும் நீதிமன்றக் குற்றப் பணத்திலும் வந்து சேரும் பங்கு என்பனவே அதன் முக்கிய ஊற்றுக்கள். ஆண்டு முழுவதற்குமான சோலைவரியைச் சனவரி 31 ஆம் திகதிக்குள் செலுத்துவோர்க்கு 10 வீதம் கழிவு உண்டு. அச்சிறு கழிவுக்காக வரிசையில் நிற்கும் முதியவர்களைப் பார்த்தவர்க்கு, இப்பணத்தை எத்துணைக் கவனத்துடன் செலவிட வேண்டும் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசு நிறுத்திவைத்த பின்னர், சிக்கனம் என்ற சொல் எல்லா அலுவலகங்களிலும் ஒலித்தது. அது வேண்டிய சொல்லே. ஆயினும் சிக்கனம் இருவகைப்படும். அலுவலகம் தன்னைச் சுருக்கிக்கொள்வது ஒன்று; மக்களுக்குரியதைச் சுருக்குவது மற்றொன்று. கணக்கேட்டில் இரண்டும் மிச்சம் என்றே எழுதப்படும். ஊருக்கோ முன்னது நன்மை, பின்னது நட்டம்.

மூன்று பயணங்களை ஒன்றாக்கி வாகனத்தின் எரிபொருளைக் குறைப்பதும், ஆளற்ற அறையின் மின்விசிறியை நிறுத்துவதும், மாலையும் விருந்தும் பெயர்க் கல்லுமாக நிகழும் திறப்பு விழாக்களைத் தவிர்ப்பதும் முதல்வகை. வாய்க்காலைத் துப்புரவாக்கும் கூலியைப் புரட்டாதியில் மிச்சம்பிடிப்பது இரண்டாம் வகை. வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருமழை பொழியும். அடைபட்ட வாய்க்கால் தெருவை உடைக்கும். தேங்கிய நீர் நுளம்பை வளர்க்கும். அன்று காத்த பணத்தைப் போல் பன்மடங்கு பின்னர் தெருவுக்கும் மருந்துக்கும் போய்விடும்.

வாசிகசாலைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தெருவிளக்கு அணைந்தால் மறுநாளே முறைப்பாடு வரும். நூல் வாங்கும் பணத்தை வெட்டினால் கேட்பார் இல்லை. ஆதலின் கத்தரிக்கோல் அங்கே எளிதிற் செல்லும். ஓராண்டு நூல் வாங்காமையால் எந்தக் கட்டடமும் இடிந்து விழுவதில்லை. பத்தாண்டு கழிந்தபின் வாசிக்கத் தெரியாத தலைமுறையொன்று நம்முன் நிற்கும். 1933 இல் ஓர் அன்பரின் முயற்சியால் தொடங்கிய யாழ்ப்பாண நூலகத்தை உள்ளூராட்சி பொறுப்பேற்று வளர்த்தது. 1981 இல் அது எரிந்தபோது தமிழ்கூறும் நல்லுலகே கலங்கியது. ஊர்ப் பணம் எத்தகைய செல்வத்தை ஆக்கவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சிக்கனத்தின் பெயரால் மக்களாட்சியையே ஒத்திவைத்ததும் உண்டு. 2023 மார்ச்சு 9 ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடவாது போயிற்று. அம்மாதமே சபைகளின் காலம் முடிந்து, நிருவாகம் அதிகாரிகளின் கைக்குச் சென்றது. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டில் தீர்த்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6 ஆம் திகதியே. ஈராண்டுக்கு மேலாகச் செலவைத் தட்டிக் கேட்கும் உறுப்பினர் எவரும் சபையில் இல்லை. காவலாளியை விலக்கிக் கூலியை மிச்சம்பிடித்த கதையன்றோ இது! 2018 தேர்தலோடு உறுப்பினர் தொகை ஏறக்குறைய இருமடங்காகி 8,000 ஐத் தாண்டியதே. சுருக்க வேண்டின் அத்தொகையைச் சுருக்கியிருக்கலாம். தேர்தலைச் சுருக்குவது முறையாகாது.

கணக்காய்வாளர் வருவது பணம் போன பின்னரே. போகுமுன் கேட்கும் கடமை நம்முடையது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஊர்ச் சபைகளையும் கட்டுப்படுத்தும். வாய்க்காலுக்கு எவ்வளவு, வாகனத்துக்கு எவ்வளவு, நூலுக்கு எவ்வளவு என்று எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு வரவு செலவுக் கணக்கைக் கற்பிக்கையில், கற்பனை வணிகன் ஒருவனின் கணக்கை விடுத்துத் தம் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தையே எடுத்து விரிக்கலாம். கணக்குக் கேட்கப் பழகிய ஊரில் சிக்கனம் தானே நேர்வழி செல்லும்.