பெசன்ட் நகர்

அழகர்மலை அடிவாரத்து வயல்களினூடே வளர்ந்த எனக்குக் கடல் என்பது நெடுநாள் ஏட்டிற் கற்ற பொருளாகவே இருந்தது. நெய்தற்றிணையைப் பயின்றபோதும், திரையும் திமிலும் தாழையும் சொற்களாய் நின்றனவேயன்றிக் காட்சியாய்த் தோன்றவில்லை. சென்ற கோடை விடுமுறையிற் சென்னைப் பெசன்ட் நகரிற் சில நாள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. அந்நகரின் வரலாற்றையும், அங்கு வாழ்வாரின் கூட்டுவாழ்க்கையையும் நம் கல்லூரி அன்பர்கட்கு ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அடையாறு கடலொடு கலக்கும் இடத்திற்குத் தெற்கே இந்நகர் அமைந்துள்ளது. இன்று இது செல்வர் வாழும் இடமெனப் பெயர் பெற்றது. ஆயினும், இக்கரைக்கு முன்னரே உரியவர் மீனவர். ஊரூர்க் குப்பம், ஆல்காட் குப்பம், ஓடைக் குப்பம் என்னும் அவர்தம் குடியிருப்புகள் இன்றும் மணலை ஒட்டியே நிற்கின்றன.

1882-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையார் அடையாற்றின் தென்கரையில் ஒரு தோட்டத்தை வாங்கித் தம் தலைமை நிலையத்தை அங்கு அமைத்தனர். அச்சபையை நிறுவியவருள் ஒருவராகிய கர்னல் ஆல்காட், தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகட்கென 1894-இல் இலவசப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1907 முதல் 1933-இல் மறையும்வரை சபைத் தலைமை ஏற்றவரும், 1917-இல் காங்கிரஸ் மகாசபைக்கு முதற் பெண் தலைவராய் விளங்கியவருமான அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரையே இந்நகர் தாங்கி நிற்கிறது.

கடற்கரையில் வெண்ணிற மண்டபம் ஒன்று உண்டு. 1930-இல் அலையிற் சிக்கியோரைக் காக்கப் புகுந்து தன்னுயிர் நீத்த ஷ்மிட் என்னும் டேனிஷ் நாட்டவரின் நினைவாக எழுந்தது அது. 1970-களில் வீட்டுவசதி வாரியத்தார் மனைகளும் அடுக்கு வீடுகளும் அமைக்கவே, நகர் விரைந்து வளர்ந்தது. 1972-இல் அன்னை வேளாங்கண்ணி ஆலயமும், 1976-இல் அஷ்டலட்சுமி கோயிலும் கடலை நோக்கி எழுந்தன.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகர் இரு பாக்கமாய்ப் பிரிந்திருந்தது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் பரதவரும் தொழில்வினைஞரும் கடல்வழி வணிகரும் வாழ, அரசரும் பெருங்குடியினரும் உட்புறத்துப் பட்டினப்பாக்கத்தில் வாழ்ந்தனர். பெசன்ட் நகரிலோ பட்டினப்பாக்கமே கடற்கரைக்கு வந்துவிட்டது! இதனால் விளைவது யாது? ஒரே மணல் இருவகைப் பயனுக்கு உரியதாகின்றது. நகரத்தார்க்கு அது உலாவும் இடம். மீனவர்க்கோ படகேற்றவும், வலை சீர்செய்யவும், மீன் உலர்த்தவும் உரிய தொழிற்களம். அதற்குப் பட்டாவும் இல்லை, வேலியும் இல்லை. ஆதலின் காண்பார்க்கு அது வெறும் நிலமாகவே தோன்றும்.

வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதுபற்றி வினவினேன். அவர், "தம்பி, நீங்கள் காற்று வாங்க வருகின்றீர்கள், நாங்கள் காற்றைப் பார்த்துத்தான் பிழைக்கின்றோம். கடல் கண்ணிற் படாத இடத்தில் எங்களைக் குடிவைத்தால், காற்று மாறியதை யார் வந்து சொல்வார்?" என்றார். அவ்வினாவிற்கு விடை கூற என்னால் இயலவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது முதல் அடியைத் தாங்கியவை கரையோரக் குப்பங்களே. அங்ஙனமிருந்தும் அவர்கள் கரையைக் கைவிடாமைக்குக் காரணம் அம்முதியவர் சொல்லில் அடங்கியுள்ளது. கடலோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்திய 1991-ஆம் ஆண்டு அரசாணையும், கரை வெறும் மனையன்று என்பதை ஒருவாறு ஒப்புக்கொண்டதேயாம்.

எனினும், இவ்விரு சாராரையும் இணைக்கும் நிகழ்ச்சிகள் இல்லாமலில்லை. ஆகஸ்டு 29-இற் கொடியேறிச் செப்டம்பர் 8-இல் நிறைவுறும் மாதா திருவிழாவிற்குப் பல சமயத்தாரும் கால்நடையாய் வருகின்றனர். 1988 முதல் மாணவர் குழுவொன்று, கடலாமை முட்டையிடும் மாதங்களில், இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறது. 2015-இல், சபாக்களில் ஒலித்த கருநாடக இசையை ஊரூர், ஆல்காட் குப்பங்களின் நடுவே ஒலிக்கச் செய்து, குப்பத்தாரும் இசைவாணரும் கூடி விழாவெடுத்தனர்.

எம்மூர் அழகர் சித்திரையில் மலையிறங்கி வைகைக்கு எழுந்தருளுங்கால், வழிநெடுகப் பல வகுப்பாரின் மண்டகப்படிகளில் தங்கிச் செல்வது வழக்கம். அவ்வழி எவரோ ஒருவர்க்கு உரியதாயின் அவ்விழா நடைபெறாது. கடற்கரையும் அத்தகைய பொதுவழியே. பெசன்ட் நகரின் செல்வம் அதன் மாளிகைகளால் அளக்கப்படுவதன்று; அம்முதியவரின் பேரன் நாளை அதே மணலிற் படகேற்ற இயலுமா என்பதால் அளக்கப்படுவதாகும்.