தனித்துப் பூத்தால் காய் இல்லை

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் ‘பிரெய்ரி’ என்னும் புல்வெளிகள் ஒரு காலத்தில் கடல்போல் பரந்திருந்தன. ஏர் புகுந்தபின், அவற்றுள் உயர்ந்த புல் வளரும் வெளிகளில் நூற்றுக்கு 4 பங்குக்கும் குறைவே எஞ்சியது. அங்குள்ள அரிய செடிகளுள் ஒன்று ‘மீட்’ என்பாரின் பெயர் பெற்ற பால்செடி. நம் எருக்கின் உறவாகிய இதன் விதைகளும் பட்டுப்போன்ற பஞ்சு சூடியவை. 1988-இல் அமெரிக்க அரசு இதனை அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தது.

நிலம் சுருங்கியது மட்டுமே காரணமன்று. இச்செடி தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. தீவனத்திற்காக ஆண்டுதோறும் புல்லறுத்த நிலங்களில், காய் முற்றுமுன்பே அறுபட்டது. எனவே மண்ணுள் ஓடும் தண்டினாலேயே பெருகிற்று. பல செடிகளாகத் தோன்றினும் அவை ஒரே செடியின் கிளைகளே. ஆதலால் பூத்தும் காய்க்கவில்லை.

இதனை உணர்ந்தோர் இல்லினாய், இந்தியானா மாநிலங்களில், வெவ்வேறு இடங்களிலிருந்து விதை சேர்த்து, நாற்று வளர்த்து, ஒருங்கே நட்டனர். புதர் மண்டாதிருக்கப் புல்வெளிக்கு உரிய பருவத்தில் தீயும் இட்டனர். நாற்றுகள் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும், பொறுமை வேண்டும்.

அரிய செடியை வேலியிட்டுக் காப்பது மட்டும் போதாது. அதன் துணையையும் வாழிடத்தையும் சேர்த்தே காத்தல் வேண்டும். கூட்டுறவில் இணைந்த அங்கத்தினர்களுக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.