காலால் இறைத்த தண்ணீர்

ஆரணிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து சென்ட் தோட்டம் இருக்கிறது. மூலையில் ஒரு பழைய கிணறு. மின்கம்பம் அந்தப் பக்கமே வரவில்லை. ஊர்க் குழாயும் தெருமுனையோடு நின்றுவிட்டது. கிணற்றில் 20 அடி ஆழத்தில் தண்ணீர் கிடக்கிறது, மேலே கத்தரியும் வெண்டையும் வாடி நிற்கின்றன. மோட்டார் இல்லாமல் எப்படி என்று கேட்காதவர்கள் இல்லை. நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஐந்து சென்ட் என்றால் சுமார் 200 சதுர மீட்டர். வெயில் காலத்தில் பாத்திக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,000 லிட்டர். ஒரு டன் எடை. அதை 20 அடி, அதாவது 6 மீட்டர், மேலே கொண்டுவர ஏறத்தாழ 60,000 ஜூல் ஆற்றல் போதும். ஒரு 10 வாட் எல்இடி பல்பு ஒரு மணி நாற்பது நிமிடம் எரிந்தால் செலவாகும் ஆற்றல் இவ்வளவுதான். மின்சார பில் கணக்கில் சொன்னால், ஒரு யூனிட்டில் அறுபதில் ஒரு பங்கு!

உடல் நலமுள்ள ஒருவர் சீராக உழைத்தால் 75 வாட் அளவுக்குத் தர முடியும். உராய்விலும் கசிவிலும் பாதி வீணாகிறது என்றே வைத்தாலும், அரை மணி நேரத்துக்குள் தோட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிட வேண்டும். ஆனால் ராட்டினத்தில் கயிறு போட்டு 12 லிட்டர் வாளியால் இறைத்துப் பாருங்கள். 84 முறை இழுக்க வேண்டும். முப்பதாவது வாளியிலேயே தோள்பட்டை கெஞ்சும். கணக்கு தப்பவில்லை. கையிடம் வேலை கேட்டதுதான் தப்பு. கைத்தசை சிறியது, சீக்கிரம் சோர்ந்துவிடும். நம் உடம்பின் பெரிய இயந்திரம் தொடையில் இருக்கிறது.

நம் முன்னோர்கள் இதை ஏற்றத்தில் கண்டுபிடித்துச் செயல்படுத்தியிருக்கிறார்கள். இதற்கு உறவான கருவி எகிப்திலும் இருந்தது. அங்கே 3,200 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஓவியம் ஒன்றில், தோட்டக்காரர் துலா வைத்துத் தண்ணீர் எடுக்கிறார். துலா மரத்தின் பின்நுனியில் கனமான மண் உருண்டை இருக்கும். காலி வாளியைக் கீழே இழுக்கும்போது ஆள் தன் எடையைக் கொடுக்கிறார். நிறைந்த வாளி மேலே வர அந்த உருண்டை உதவுகிறது. நல்ல யோசனைதான். நம்மூர் ஏற்றம் அதற்கும் ஒரு படி மேலே போனது. அந்த உருண்டையின் இடத்தில் மனிதனையே ஏற்றிவிட்டது.

எங்கள் பெரியப்பா இளவயதில் துலா மிதித்தவர். துலா மரத்தில் கால் வைக்கப் படிபோல வெட்டியிருப்பார்களாம், பக்கத்தில் பிடித்துக்கொள்ள மூங்கில். கீழே ஒருவர் கோலைப் பிடித்து, அதில் கட்டிய சாலை, அதாவது இறைக்கும் வாளியை, கிணற்றில் முக்குவார். சால் நிறைந்ததும் மேலே இருப்பவர் பின்பக்கம் நடப்பார். அந்த முனை தாழும், சால் மேலே வரும். தண்ணீரை வாய்க்காலில் கவிழ்த்ததும் முன்பக்கம் நடப்பார், சால் இறங்கும். கூர்ந்து கவனித்தால் இதில் ஒரு நுட்பம் தெரியும். அவர் எந்தப் பக்கம் நடந்தாலும் மேட்டை நோக்கித்தான் நடக்கிறார். உயர்ந்து நிற்கும் முனைக்கு ஏறிப் போகிறார், அது அவரோடு தாழ்கிறது. பிறகு எதிர்முனை உயர்ந்து நிற்கிறது, அதை நோக்கி ஏறுகிறார். நாள் முழுக்க முடியாத ஒரு படிக்கட்டில் ஏறுவதைப்போல. வேலை முழுவதும் தொடைக்கு. கைக்கு மூங்கிலைப் பிடிக்கும் வேலை மட்டும்.

"பாட்டை நிறுத்தினா எண்ணிக்கை போச்சுடா" என்பார் பெரியப்பா. ஏற்றப்பாட்டு களைப்பு தெரியாமல் இருக்கப் பாடுவது என்று மட்டும் நினைத்திருந்தேன். எத்தனை சால் இறைத்தோம் என்பதை அந்தப் பாட்டுதான் கணக்கு வைத்தது.

டீசலும் மின்சாரமும் வந்து ஏற்றம் மறைந்துபோன காலத்தில், வங்கதேசத்தில் அதே தொடை வேறு வடிவில் திரும்பி வந்தது. ரங்பூர் பகுதியில் நிவாரணப் பணியில் இருந்த நார்வே நாட்டுப் பொறியாளர் குன்னார் பார்ன்ஸ், 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிதி பம்பு ஒன்றை வடிவமைத்தார். இரண்டு உருளைகள், இரண்டு பிஸ்டன்கள், மிதிக்க இரண்டு மூங்கில்கள். வலது காலை அழுத்தினால் இடது பிஸ்டன் மேலே வரும். உழவர்கள் விலை கொடுத்து வாங்கியவை மட்டும் 10 லட்சத்தைத் தாண்டும். மானியத்தில் வந்து மூலையில் துருப்பிடிக்கும் கருவிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த எண் முக்கியம். வாங்கிய காசு ஒரு போகக் காய்கறியில் திரும்பி வரும் என்பதால் வாங்கினார்கள்.

எங்கள் தோட்டத்துக்கும் லேத் பட்டறையில் சொல்லி அப்படி ஒன்று செய்தோம். தை மாதம் அருமையாக இறைத்தது. சித்திரையில் கிணற்று மட்டம் 35 அடிக்கு இறங்கியது. அன்றைக்கு எவ்வளவு மிதித்தும் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வால்வில் கோளாறு என்று இரண்டு முறை பிரித்து மாட்டினேன். கோளாறு வால்வில் இல்லை, வானத்தில் இருந்தது.

பம்பு தண்ணீரை உறிஞ்சுவதாக நாம் சொல்கிறோம். உண்மையில் பம்பு செய்வது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே எடுப்பது மட்டும்தான். கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. அந்தத் தள்ளலுக்கு 10 மீட்டருக்கு மேல் வலு கிடையாது. உறிஞ்சு பம்பு ஓர் எல்லைக்கு மேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்று கலிலியோ 1638இல் எழுதினார். அவருக்குப் பின் டோரிசெல்லி காரணத்தை விளக்கினார். நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடிதான். 35 அடியிலிருந்து உறிஞ்ச எந்தப் பம்பாலும் முடியாது.

தண்ணீரைக் கீழிருந்து தூக்க வேண்டும். கோடைக்கு இப்போது கயிற்றுப் பம்பு வைத்திருக்கிறோம். நிகரகுவா நாட்டில் கிராமம் கிராமமாகப் பரவியது இது. கயிற்றில் இடைவெளி விட்டு ரப்பர் வில்லைகளைக் கோத்து, பிவிசி குழாய்க்குள் கீழிருந்து மேலாக ஓடவிடுவார்கள். ஒவ்வொரு வில்லையும் தனக்கு மேலே உள்ள தண்ணீரைத் தாங்கிக்கொண்டு வரும். மேலே பழைய சக்கரம், ஒரு கைப்பிடி. கைதான் சுற்றுகிறது, அதனால் சீக்கிரம் களைப்பாகிறது. சைக்கிள் பெடலை இணைத்துவிட வேண்டும்.

மலைக்காட்டில் ஓடை இருப்பவர்களுக்குக் காலும் வேண்டாம். குழாயைத் திறந்து சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டம்' என்று சத்தம் கேட்குமே, அந்த அடியை வைத்தே தண்ணீரை ஏற்றலாம். ஓடையிலிருந்து சரிவாகக் குழாய் இறங்குகிறது. தண்ணீர் வேகமெடுத்து, கடைசியில் இருக்கும் வால்வைத் தானே அறைந்து மூடுகிறது. ஓடிவந்த நீருக்கு நிற்க இடமில்லை; அழுத்தம் எகிறி, அதில் ஒரு பங்கு இன்னொரு வால்வைத் திறந்துகொண்டு காற்றறைக்குள் பாய்ந்து மேலே ஏறுகிறது. அழுத்தம் தணிந்ததும் முதல் வால்வு தன் எடையால் விழுந்து திறக்கிறது. மறுபடி ஓட்டம், மறுபடி அறை. இங்கிலாந்தில் ஜான் வைட்ஹர்ஸ்ட் 1772இல் செய்த கருவியில் குழாயை ஆள் நின்று திறந்து மூட வேண்டியிருந்தது. வெப்பக் காற்றுப் பலூன் விட்ட மாண்ட்கோல்ஃபியே சகோதரர்களில் ஒருவரான ஜோசப், 1796இல் அதைத் தானே இயங்கச் செய்தார். நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடும் ஓடையில் 2 மீட்டர் சரிவு கிடைத்தால், 12 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் ஏறும். கொஞ்சம்தானே என்று தோன்றும். அது இரவும் தூங்காது என்பதால் ஒரு நாளைக்கு 8,640 லிட்டர். பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் மலையூர்கள் இன்றும் இதை நம்பிக் குடிநீர் எடுக்கின்றன.

எங்கள் தோட்டத்தில் ஓடை இல்லை. அதனால் இறைக்கும் அளவையே குறைக்கப் பார்த்தோம். பூசணிக் குழிகளில் சுடுமண் பானைகளைக் கழுத்துவரை புதைத்தோம். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த முறை இது. மண் காய்ந்தால் பானையின் நுண்துளைகள் வழியே நீரை இழுத்துக்கொள்ளும். ஈரமாக இருந்தால் இழுக்காது. வாயைக் கொட்டாங்குச்சியால் மூடிவிடுவோம். அறுவடைக்குப் பின் ஒரு பானையைத் தோண்டி எடுத்தபோது, அதைச் சுற்றி வேர்கள் சல்லடைத்துணிபோல் ஒட்டிப் படர்ந்திருந்தன. விரலால் உரித்தால் தனி உறையாகக் கழன்று வந்தது.

பெரியப்பாவுக்கு 80 தாண்டிவிட்டது. போன தையில் தோட்டத்துக்கு வந்தவர் மிதி பம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏற்றத்தை ரெண்டா வெட்டி வெச்சிருக்கியேடா" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். பத்து மிதியில் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். காதைக் கொடுத்துக் கேட்டேன். எண்ணிக்கொண்டிருந்தார்.